ஐஸ் ஸ்கூடாயில் இருக்கிறது

2018 பிப்ரவரியில் தென்கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கியபோது அணிவகுப்பில் மலேசியக் கொடி முதன்முறையாக வந்தது. ஏந்தி வந்தவர் ஜூலியன் யீ. அணியில் அவரைத் தவிர இருந்தவர் ஜெஃப்ரி வெப் ஒருவர்தான். சிங்கப்பூர், நைஜீரியா, எரித்திரியா, ஈக்வடோர், கொசோவோ ஆகிய நாடுகளுக்கும் அதுவே முதல் வருகை. மூன்று கோடிக்கு மேல் மக்கள் வாழும் மலேசியாவைச் சிறிய நாடு என்று சொல்ல முடியாது. ஆனால் குளிர்கால விளையாட்டில் நாம் குட்டி நாடுதான். ஏறக்குறைய நாற்பதாயிரம் பேரே வாழும் லிக்டன்ஸ்டைன் மலைச்சரிவில் மட்டும் பத்து ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றிருக்கிறது. ஆண்டு முழுவதும் வியர்க்கும் நாட்டுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களும், இரண்டு பேர் போனதே பெருமை என்று கைதட்டுபவர்களும் இங்கே உண்டு. இரு தரப்பும் பார்க்கத் தவறும் இடம் ஒன்றுதான்.

குழப்பம் நம் சொல்லிலேயே தொடங்குகிறது. மலைச்சரிவில் பலகை கட்டிக்கொண்டு இறங்குவதையும், அரங்கத்துக்குள் கத்தி பொருத்திய காலணியோடு ஐஸ் மீது ஆடுவதையும் தமிழ் நாளிதழ்கள் ‘பனிச்சறுக்கு’ என்ற ஒரே சொல்லால் எழுதிவிடுகின்றன. முதலாவதற்கு மலை வேண்டும், பனி வேண்டும், அந்தப் பனியருகே வளரும் வாய்ப்பு வேண்டும். இரண்டாவதற்கு வேண்டியது கூரையும் குளிரூட்டும் எந்திரமும்தான். ஜெஃப்ரி வெப் அமெரிக்காவில் வளர்ந்தவர். ஜூலியன் யீ ஸ்கேட்டிங் பழகியதோ சன்வே பிரமிட் பேரங்காடியின் அரங்கில். கனடாவில் பயிற்சி பெற்றதெல்லாம் பின்னால். ஒருவர் வெளியே விளைந்தார், மற்றவர் இங்கே முளைத்தார். ஒரு சொல்லுக்குள் இருவரையும் அடைத்ததால், ‘நம்மிடம் பனி இல்லையே’ என்ற பதில் இரண்டுக்கும் பொருந்துவதுபோல் தோன்றுகிறது.

போட்டிக்குள் நுழையும் வழியும் வேறு. மலைச்சரிவில் எல்லா நாடுகளும் வரட்டும் என்று ஓர் ஆண், ஒரு பெண் என அடிப்படை ஒதுக்கீடு உண்டு. 2018-ல் 140 தகுதிப் புள்ளிக்குள் இருந்தால் போதும். புள்ளி குறையக் குறையத் தரம் கூடுதல். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அந்தச் சலுகை இல்லை. 2018-ல் உலகம் முழுவதற்குமாக 30 ஆண்களுக்கே இடம் இருந்தது. ஜூலியன் 2017-ல் ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டோர்ஃபில் நடந்த நெபல்ஹார்ன் போட்டியில் ஆறாவதாக வந்துதான் தமக்கான இடத்தைப் பிடித்தார். ஒலிம்பிக்கில் முதல் சுற்றைத் தாண்டுவோர் 24 பேர்; அவர் 25-ஆவது. ஒரே ஓர் இடம்! அவருக்கு முன்பே, 2014 சோச்சியில், பிலிப்பீன்ஸின் மைக்கேல் கிறிஸ்டியன் மார்ட்டினெஸ் 19-ஆவது இடம் பெற்றார். அவரும் மணிலா வட்டாரத்துப் பேரங்காடி அரங்கில் கால் பழகிய பையன். வெயில் நாட்டுப் பேரங்காடியிலிருந்து ஒலிம்பிக்வரை போக முடியும் என்பதற்கு இந்த இருவருமே சாட்சி. ஆனால் 2022-ல் பெய்ஜிங்குக்கு மலேசியா அனுப்பிய இருவரும், ஜெஃப்ரி வெப்பும் அருவின் சலேஹுடினும், மலைச்சரிவுக்காரர்கள். குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் மலேசியப் பெண் என்ற அருவினின் பெருமையை யாரும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளூரில் முளைத்த பக்கம் அந்த ஆண்டு காலியாக இருந்தது. கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

ஏன் காலியானது என்பதற்கு விடை ஐஸில் இல்லை, முக்குளிப்புக் குளத்தில் இருக்கிறது. மலேசியா இதுவரை ஒலிம்பிக் பதக்கம் வென்றது பூப்பந்து, முக்குளிப்பு, சைக்கிளோட்டம் ஆகிய மூன்றில் மட்டுமே. பூப்பந்து நம் சந்துகளில் ஆடப்படுவது. பத்து மீட்டர் மேடையிலிருந்து குதிப்பது யாருடைய சந்திலும் இருந்ததில்லை. ஐஸ் அரங்கம் போலவே அதுவும் கட்டி உண்டாக்க வேண்டிய சூழல். 1998 காமன்வெல்த் போட்டிக்காகப் புக்கிட் ஜாலில் குளம் எழுந்தது. சீனப் பயிற்சியாளர்கள் வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்தார்கள். அப்படிச் சிறுவயதிலேயே கண்டெடுக்கப்பட்டவர்தான் சரவாக்கின் பிடாயூ சமூகத்துப் பண்டலேலா ரினோங். 2012 லண்டனில் வெண்கலம், 2016 ரியோவில் சியோங் ஜுன் ஹூங்கோடு வெள்ளி. அவர் குளத்தைத் தேடிப் போகவில்லை, குளம் அவரைத் தேடி வந்தது. ஐஸ் விஷயத்தில் நாம் செய்வது நேர்மாறு. அரங்க வாடகை, காலணி, பயிற்சியாளர் கட்டணம் எல்லாம் கட்டக்கூடிய பெற்றோருக்குப் பிள்ளை பிறக்கட்டும் என்று காத்திருக்கிறோம். நமக்குக் குறைவது பனி என்பது சாக்கு. குறைவது தேடிப் போகும் கால்.

ஒதுக்கீட்டில் நுழைவது விளையாட்டு அல்ல, சுற்றுலா என்று சிலர் சொல்வதில் நியாயம் கொஞ்சம் உண்டு. 2014-ல் தொங்கா நாட்டுக்காகப் பனிச்சறுக்கு வண்டி ஓட்டியவர், ஜெர்மானிய உள்ளாடை நிறுவனம் ஒன்றின் பெயரையே தம் பெயராக மாற்றிக்கொண்டவர். புரூனோ பனானி என்று பதிவேட்டில் இருக்கிறது. உள்ளாடைக்கு ஒலிம்பிக் விளம்பரம்! அதே ஆண்டு, சிங்கப்பூரில் பிறந்த வயலின் கலைஞர் வனெஸ்ஸா மே தாய்லாந்துக்காக இறங்கிக் கடைசி இடம் பெற்றார். அவர் தகுதிபெற்ற பந்தயங்கள் சர்ச்சைக்குள்ளாகி, அவருக்குத் தடை விதிக்கப்பட்டு, பிறகு நடுவர் மன்றத்தில் நீங்கியது. இப்படிப்பட்ட கதைகள் இருப்பதால்தான், கொடி ஏந்த ஆள் தேடுவதைவிட ஆள் வளர்ப்பது மேல் என்கிறேன். பேரங்காடியில் பத்தாண்டு விழுந்தெழுந்தவரைச் சுற்றுலாப் பயணி என்று யாராலும் சொல்ல முடியாது. செயற்கையாகக் குளிர்வித்த ஐஸ் நமக்கு இயல்பானதல்ல என்றும் சொல்லப்படுகிறது. பெய்ஜிங் 2022-ல் சரிவுகளில் கிடந்த பனியே ஏறக்குறைய முழுவதும் எந்திரம் தயாரித்ததுதான். இயற்கையைப் பற்றிப் பேசும் தகுதி பனி நாடுகளுக்கே இப்போது குறைந்துவருகிறது.

பணத்தைப் பற்றிய மறுப்புதான் கனமானது. திடல் இல்லாத பள்ளிகள் இருக்கும்போது ஐஸுக்கு எதற்கு அரசுப் பணம்? ஜொகூர்த் தமிழருக்கு இந்தக் கேள்வி இன்னும் சுடும். தோட்டத்துத் திடலில்தான் நம் பிள்ளைகள் பந்து உதைத்தார்கள், ஓடினார்கள். ஸ்கூடாய், கூலாய்ப் பக்கத் தோட்டங்கள் தாமான்களானபோது திடல்களும் பல இடங்களில் வீடுகளுக்கு அடியில் போயின. அந்தத் திடல்களுக்காகக் குரல் கொடுப்பதை இக்கட்டுரை நிறுத்தச் சொல்லவில்லை. புதிய அரங்கம் எதையும் கட்டவும் சொல்லவில்லை. ஜொகூர் பாருவின் ஸ்கூடாய்ப் பக்கமுள்ள பாரடைம் பேரங்காடியில் ஐஸ் ஏற்கெனவே உறைந்து கிடக்கிறது. அதன் மின்கட்டணம் யார் சறுக்கினாலும் சறுக்காவிட்டாலும் ஏறும். கடைகள் திறக்குமுன் உள்ள காலை நேரத்தை மொத்தமாக வாடகைக்கு எடுப்பதும், வாடகைக் காலணி சில டஜனும், ஒரு பயிற்சியாளரின் சம்பளமும் ஓர் அரங்கம் கட்டும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. சிங்கப்பூரின் ஒரே ஒலிம்பிக் அளவு அரங்கம் இருந்த ஜேகியூப் பேரங்காடி 2023-ல் மூடப்பட்டது. பாலத்துக்கு இப்பாலுள்ள ஐஸின் மதிப்பு அன்றிலிருந்து கூடித்தான் இருக்கிறது.

மாநில விளையாட்டு மன்றம் வாரத்துக்கு இரண்டு காலைகளை அந்த அரங்கில் ஓராண்டுக்குப் பிடிக்கட்டும். மலாய், சீன, தமிழ்ப் பள்ளிகளின் இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை ஏற்றிக் கொண்டுபோய் நிற்க வைத்துப் பார்க்கட்டும். எத்தனை பேர் விழாமல் நிற்கிறார்கள் என்று ஒரு பயிற்சியாளர் குறித்துக்கொள்ளட்டும். தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கேட்காமல் மன்றம் தானாக வராது. இதற்கு ஒரு கடிதம் எழுதுங்கள். துன் அமினா தமிழ்ப்பள்ளியிலிருந்து அந்த ஐஸ் சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது.