ஜெட் லாக்: விமானப் பணிக்குச் செல்லும் எங்கள் பிள்ளைகளின் தூக்கம் யாருடைய பொறுப்பு?

2022 பொருளாதார நெருக்கடியின்போது வேலை தேடி நாட்டைவிட்டுச் சென்றவர்கள் மூன்று இலட்சத்துக்கும் அதிகம். அவர்களைப் பற்றிப் பேசும்போது வீட்டுப் பணிப்பெண்களும் கட்டுமானத் தொழிலாளர்களுமே எங்கள் நினைவுக்கு வருகின்றனர். வளைகுடா விமான சேவைகளில் பணியாளர்களாக இணைவோர் அதிகம் பேசப்படாத ஒரு சிறு தொகுதியினர். வடக்கு கிழக்கிலிருந்தும் யுவதிகளும் இளைஞர்களும் இந்தத் தொழிலை நாடுகின்றனர். 2009 இல் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று இந்த வேலைக்குரிய வயதை அடைந்துவிட்டார்கள்.

அண்மையில் பணியில் சேர்ந்த சிலருடன் பேசினேன். சம்பளம், தங்குமிடம், ஊர் நினைவு என்று பலதையும் சொன்னார்கள். ஆனால் எல்லோரும் முதலில் தொட்டது தூக்கத்தைத்தான். படுத்தால் நித்திரை வருவதில்லை. எழும்ப வேண்டிய நேரத்தில் உடம்பு எழும்புவதில்லை. அதைவிடக் கவலை தந்தது, அவர்கள் இதைத் தங்கள் சொந்தப் பலவீனமாக நினைத்துக்கொண்டிருந்ததுதான்.

ஜெட் லாக் மனவுறுதி சார்ந்த விடயமல்ல. எங்கள் மூளையில் ஒரு மணிக்கூடு இருக்கிறது. கண்ணில் படும் ஒளியைக் கொண்டு அது பகலையும் இரவையும் கணிக்கிறது. உடல் வெப்பம், பசி, உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு எல்லாம் அதன் ஒழுங்கில் நடக்கின்றன. இந்த மணிக்கூட்டின் மரபணு இயக்கத்தைக் கண்டறிந்ததற்காகவே 2017 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு வழங்கப்பட்டது. விமானம் ஒரே நாளில் ஆறு, எட்டு மணித்தியால வித்தியாசத்தைக் கடந்துவிடும். உடலின் மணிக்கூடோ ஒரு மணித்தியால வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். கிழக்கு நோக்கிப் போனால் இன்னும் கஷ்டம். பெரும்பாலானோரின் உள் மணிக்கூடு 24 மணித்தியாலத்தைவிடச் சற்று நீளமானது. அதைப் பின்தள்ளுவது எளிது, முன்னிழுப்பது கடினம்.

ஒரு பயணி இறங்கிய இடத்தில் இரண்டு கிழமை தங்கித் தேறிவிடுவார். பணியாளருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சிட்னியில் ஒரு நாள் தங்கி டுபாய் திரும்புவார். இரண்டு, மூன்று நாளில் ரொறன்ரோ. மணிக்கூடு எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நிற்கும்.

புதியவர்களுக்குச் சமூக ஊடகக் காணொளிகள் தரும் அறிவுரை, 'இறங்கியதும் வெயிலில் நட, அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடு' என்பது. இது எப்போதும் சரியல்ல. டுபாயில் வாழும் ஒருவர் யூலை மாதத்தில் காலை 7 மணிக்குச் சிட்னியில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரது உடலுக்கு அப்போது அதிகாலை 1 மணி. வழமையாக விழிப்பதற்கு இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு முன்னர் உடல் வெப்பம் மிகக் குறைந்த நிலைக்கு வரும். அதற்கு முன்னர் படும் ஒளி மணிக்கூட்டை இன்னும் பின்தள்ளும். அதற்குப் பின்னர் படும் ஒளியே முன்னிழுக்கும். ஆகவே அந்தக் காலை வெயில், போக வேண்டிய திசைக்கு எதிராகவே அவரைத் தள்ளுகிறது. முற்பகல் 11 மணிக்குப் பிந்திய வெளிச்சம்தான் உதவும்.

உண்மையில் இரண்டு நாளுக்குக் குறைந்த தங்கலில் மாற முயலாமல் இருப்பதே நல்லது. திரைச்சீலையை மூடி, முடிந்தளவு டுபாய் நேரத்துக்கே உறங்கி எழும்ப வேண்டும். ஒரே நீட்டில் உறங்க முடியாவிட்டால், டுபாய் இரவுக்குள் விழும் நாலு மணித்தியாலத்தையாவது ஒவ்வொரு நாளும் காப்பாற்றிக்கொண்டு, மீதியைப் பணிக்கு முன் குட்டித் தூக்கமாக எடுக்கலாம். கோப்பியின் பாதி வீரியம் ஐந்து மணித்தியாலம் கழிந்தும் உடலில் இருக்கும். உறக்கத்துக்கு ஆறு மணித்தியாலம் முன்னரே அதை நிறுத்திவிட வேண்டும். மதுவோ கேட்டு வாங்கிய தூக்க மாத்திரையோ தீர்வல்ல. மெலடோனினையும் வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

இவ்வளவையும் கடைப்பிடித்தாலும் பணி அட்டவணை இடம் தராவிட்டால் பயனில்லை. 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 வீதம் அற்ககோல் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுவதாக 1997 இல் அவுஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. அவசரத்தில் கதவைத் திறந்து பயணிகளை வெளியேற்ற வேண்டியவர் இந்தப் பணியாளர்தான். உடலின் மணிக்கூட்டைக் குழப்பும் இரவுப் பணியை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2007 இல் சேர்த்தது. 2019 இல் அதை மீண்டும் உறுதிப்படுத்தியது.

அமெரிக்காவில் விமானப் பணிப்பெண்களின் தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகள் போராடின. 2018 இல் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. 2022 இல், இரு பணிகளுக்கிடையே குறைக்க முடியாத 10 மணித்தியால ஓய்வு விதியானது. அதற்கு முன்னர் அது 9 மணித்தியாலம். 8 ஆகவும் குறைக்கலாம் என்றிருந்தது. அந்த ஒரு மணித்தியாலத்தை வென்று தந்தது அவர்களது கூட்டுக் குரல். ஐக்கிய அரபு இராச்சியத்தில் தொழிற்சங்கத்துக்கே அனுமதியில்லை. கட்டாரில் வெளிநாட்டுத் தொழிலாளர் சங்கம் அமைக்க முடியாது. அங்கும் பறக்கும் நேரத்துக்கு வரம்பு உண்டு, களைப்பை அறிவிக்க வழியும் உண்டு. ஆனால் பறக்கும் மணித்தியாலத்தைப் பொறுத்தே வருமானத்தின் ஒரு பகுதி கிடைக்கும்போது, ஊரில் வீட்டுக்கடன் காத்திருக்கும்போது, தனியாக ஒரு பிள்ளை 'எனக்கு இயலாது' என்று எழுதிக்கொடுக்கத் தயங்கும்.

இதில் குடும்பங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தொலைபேசிக்குப் பதில் வராமல் போவது எங்கள் தாய்மாருக்குச் சாதாரண விடயமல்ல. காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி இன்றும் வீதியில் இருக்கும் சமூகம் இது. அம்மா பயந்துவிடுவார் என்பதற்காகவே தொலைபேசியைத் திறந்து வைத்துக்கொண்டு உறங்குவதாக ஒரு யுவதி சொன்னார். அவரது உறக்கம் ஒவ்வொரு வட்ஸ்அப் சத்தத்துக்கும் உடைகிறது. மாத அட்டவணையைக் கிடைத்தவுடன் வீட்டுக்கு அனுப்பலாம். இறங்கியதும் ஒரு செய்தி, எழும்பியதும் ஒரு செய்தி என்று பேசி வைத்துக்கொள்ளலாம். இடைப்பட்ட மௌனம் ஆபத்தல்ல, நித்திரை என்று வீட்டார் விளங்கிக்கொண்டால் போதும். விடுமுறையில் வந்த மகள் மத்தியானம் வரை படுத்திருந்தால் அது சோம்பலுமல்ல, திமிருமல்ல.

இந்தத் தொழிலுக்குப் பயிற்சி தருவதாகக் கட்டணம் வாங்கும் நிறுவனங்களின் விளம்பரங்கள் ஒப்பனை, நடை, ஆங்கிலம் பற்றி விரிவாகச் சொல்கின்றன. அவற்றில் சேரும் பெற்றோரும் பிள்ளைகளும் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். களைப்பைச் சமாளிப்பது பற்றிப் பாடம் உண்டா? ஒப்பந்தத்தில் ஓய்வு நேரத்தையும் களைப்பு அறிவித்தலையும் பற்றிய பகுதியை யார் விளக்குவார்? வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடமும் இதே கேள்விகளைக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் அனுப்பும் பணத்தை அந்நியச் செலாவணி என்று கணக்கிடும் நாடு, அவர்கள் இழக்கும் உறக்கத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.