மரு உதிர்ந்தால் மட்டும் போதுமா?

“எம்.எம்.ஆர். தடுப்பூசி மருந்தை மருவில் ஏற்றினால் உதிர்ந்துவிடுகிறது. இன்னும் என்ன சோதனை?” என்று கேட்கிறார் குன்னூர் நண்பர். குழந்தைகளின் மருக்களில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே உதிர்கின்றன. பிறகு ஊசிதான் உதிர்த்தது என்று எப்படிச் சொல்வது? இப்படித்தான், ஒட்டுநாடா மருவைப் போக்கும் என்று சொல்லி 2002-இல் ஓர் ஆய்வு பேரெடுத்தது. 2006-இல் நெதர்லாந்தில் 103 குழந்தைகளிடம் சோதித்தபோது அது உறுதிப்படவில்லை.

தேயிலைச் சரிவில் நாளெல்லாம் நிற்கும் பெண்ணின் குதிகால் மரு, மேல்தோலைச் சீவினால் கரும்புள்ளி காட்டும். அடிக்கு அடி குத்தும். அதில் ஊசி இறங்கினால் உயிர் போகும். அந்த வலியைத் தருமுன், உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வு வேண்டாமா? சிறிய ஆய்வுகள் போதாது. 1907 முதல் பாஸ்டர் தடுப்பூசி நிறுவனம் இயங்கும் குன்னூரில் இருந்துகொண்டு, சோதனையை வீண் என்னாதீர்கள்.