படம் இருந்தால் போதுமா?

"காலேஜுப் பிள்ளைகளுக்கு இந்த வேலை எதற்கு ஐயா? படித்தோமா, பரீட்சை எழுதினோமா என்று இருக்க வேண்டாமா?" என்று பாளையங்கோட்டைப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்.

எந்த வேலை? மனித உரிமை மீறல் என்று இன்டர்நெட்டில் வரும் வீடியோக்கள் மெய்யா, பொய்யா என்று சோதிக்கிற வேலை. ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் ஸ்தாபனம் 2016-ல் இதற்கென்றே மாணவர் படை ஒன்றை ஆரம்பித்தது. பெர்க்லி, எஸெக்ஸ், பிரிட்டோரியா சர்வகலாசாலைகளின் பிள்ளைகள் அதில் சேர்ந்தார்கள். படத்தில் தெரியும் கடைப் பலகையையும் மலைமுகட்டையும் வைத்து இடத்தைப் பிடிப்பார்கள். நிழலை வைத்து நேரத்தைக் கணிப்பார்கள். பழைய படத்துக்குப் புதுப்பெயர் சூட்டியிருந்தால் கண்டுபிடித்து விடுவார்கள்.

பெரியவருக்குப் பதில் கொக்கிரகுளத்தில் இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காகக் கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலம் வந்தவர்களைப் போலீஸார் அடித்து விரட்டினார்கள். 17 பேர் செத்தார்கள். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. "ஆற்றில் முழுகிப் போனார்கள்" என்று ஒரே வரியில் கணக்கை முடிக்க முடியவில்லை. ஏன்? கரையில் காமிரா இருந்தது. தண்ணீருக்குள் இறங்கியவர்களையும் தடி விடவில்லை என்பதை ஆர்.ஆர். ஸ்ரீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப் படத்தில் ஊரே பார்த்தது.

"படம் இருந்தும் என்ன நியாயம் கிடைத்தது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. படம் மட்டும் நியாயம் வழங்கிவிடாது. ஆனால் படமும் இல்லாவிட்டால், செத்தவன்மேலேயே பழியைப் போட்டுவிடுவார்கள்.

இன்று கைக்கொரு காமிரா; கூடவே கைக்கொரு பொய். பத்து மெய்ப் படங்களுக்கு நடுவே ஒரு பொய்ப் படம் நுழைந்தால் போதும், குற்றவாளி தப்பித்துக்கொள்வான். 2009-ல் இலங்கையில் கண்ணைக் கட்டிச் சுட்டுக் கொல்லும் வீடியோ வெளிவந்தபோது, அந்நாட்டு அரசாங்கம் அதைப் போலி என்றது. ஐ.நா. பிரதிநிதி பிலிப் ஆல்ஸ்டன் நிபுணர்களைக் கொண்டு சோதித்து, அது அசல் என்றே தோன்றுகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். சோதித்தவர் இல்லாவிட்டால் அந்தக் கோரத்தைக் கட்டுக்கதை என்றே மூடியிருப்பார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? வந்ததை வந்தபடியே பத்துப் பேருக்குத் தள்ளிவிட்டு, "மனசு பதறுதே!" என்று சொல்லிக் காப்பி குடிக்கிறோம். இரக்கம் என்று இதற்குப் பேர் வைப்பது பாவம்.

கோரத்தைப் பார்த்தால் இளம் மனசு கெடாதா? கெடும்தான். அதனால்தான் சத்தத்தை அடக்கிவிட்டுப் பார்க்கவும், இடையிடையே ஓய்வெடுக்கவும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் அந்தப் பாதுகாப்பு எதுவுமின்றி அதே கோரத்தைப் படுக்கையில் கிடந்தபடி தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்ட் என்று பட்டம் கட்டியிருக்கிறோம். ஆற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் அத்தனை கல்லூரிகள். சாட்சியத்தைச் சோதிக்கத் தெரியாத படிப்பு என்ன படிப்பு என்று அந்தப் பெரியவரையே திருப்பிக் கேட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.