குத்தாமலே சர்க்கரை தெரியுமாம்!

விரலில் ஊசி குத்த வேண்டாமாம். மணிக்கட்டில் ஒரு கடிகாரத்தைக் கட்டிக்கொண்டாலே இரத்தச் சர்க்கரையின் அளவு தெரிந்துவிடுமாம். எம்.கே.பி. நகர்த் தொழிலாளியின் கைப்பேசிக்கும் இந்த விளம்பரம் வந்து சேருகின்றது. எப்படித் தெரியும் என்று கேட்டால், "அகச்சிவப்பு ஒளி காட்டும், எல்லாம் சயன்ஸ்" என்கின்றார்கள். ரேகை ஜோசியன் சாஸ்திரத்தின் பேரால் நம் கையைப் பிடித்தான். இவர்கள் சயன்ஸின் பேரால் பிடிக்கின்றார்கள். வேறு வித்தியாசம் என்ன?

அகச்சிவப்பு ஒளி பொய்யென்று நாம் சொல்லவில்லை. 1800-இல் ஹெர்ஷல் என்னும் அறிஞர் வெப்பமானியை வைத்து அதைக் கண்டார். கொரோனாக் காலத்தில் நாம் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டரும், 1974-இல் ஜப்பானில் அவோயாகி என்பவர் வெளியிட்ட முறைப்படி, சிவப்பு, அகச்சிவப்பு ஆகிய இரண்டு ஒளிகளால் வேலை செய்வதுதான். பிராணவாயு ஏறிய ஹீமோகுளோபின் ஒருவிதமாகவும், ஏறாதது வேறுவிதமாகவும் ஒளியை விழுங்கும். அதிலே காரணமுண்டு, கணக்குமுண்டு.

சர்க்கரையின் சங்கதி அப்படியா? ஒரு லிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 100 கிராமுக்கு மேல் உண்டு. சர்க்கரையோ சுமார் 1 கிராம். அதன் அடையாளத்தைத் தண்ணீரும் கொழுப்பும் புரதமும் மறைத்துவிடும். இரத்தத்தை வெளியே எடுத்து ஆய்வுக்கூடத்தில் ஒளியைச் செலுத்தி அளப்பது வேறு. வேர்வை வழியும் தோலின் மேல் கடிகாரத்தைக் கட்டி அளப்பது வேறு. அமெரிக்க சர்க்காரின் மருந்துத் துறை, தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தந்ததில்லையென்று 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. பொய்க் கணக்கை நம்பி இன்சுலினை அதிகமாகப் போட்டுக்கொண்டால், சில மணி நேரத்தில் உயிரே போகலாம்.

இன்னொன்றும் கேளுங்கள். ருஜுவான ஆக்சிமீட்டரே கறுப்பு நிறத்தவரிடம், வெள்ளையரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக ஆபத்தைக் காட்டத் தவறியதென்று 2020-இல் அமெரிக்க ஆராய்ச்சியொன்று வெளிப்படுத்திற்று. நம் தோலின் நிறமென்ன? வெள்ளைத் தோலில் சரிபார்த்த கருவியை நம் விரலில் மாட்டிவிட்டு, நம்பு என்றால் நம்புவதா? எந்த நிறத் தோலில், எத்தனை பேரிடம் சோதித்தீர்களென்று கேட்க நமக்கு உரிமையில்லையா?

இந்தியாவில் நீரிழிவுக்காரர்கள் சுமார் 10 கோடிப் பேரென்று 2023-இல் வெளியான ஆய்வு சொல்லுகின்றது. அத்தனை பேரின் பயமும் வியாபாரிக்கு முதலாகின்றது. ஆகவே தோழர்களே, கடிகாரக்காரன் வந்தால் ருஜுவைக் கேளுங்கள். அது வரும்வரை சர்க்கார் ஆஸ்பத்திரியில் விரலை நீட்டுங்கள். ஒரு துளி இரத்தம் போவதால் நட்டமில்லை. புத்தியைப் பறிகொடுப்பதே நட்டம்!