மலையில் பிறந்த பிள்ளைக்கு மலை காட்டும் ஆங்கில வினா!

ஆங்கிலக் கட்டுரைக் கைந்நூல்களிலும் பள்ளித் தேர்வுகளிலும் தலைமுறை தலைமுறையாக வந்துபோகும் தலைப்பு ஒன்றுண்டு. 'இல் இசுடேசன்' ஒன்றுக்குச் சென்று வந்ததைப் பற்றி எழுதுக என்பதே அது. சென்னைப் பிள்ளையும் மதுரைப் பிள்ளையும் முன்பே சமைத்து வைத்த விடையை நெட்டுருச் செய்து, கோடைக்கானலுக்கு ஊர்தியில் ஏறியதையும் ஏரியில் படகு விட்டதையும் எழுதி மதிப்பெண் பெற்றுவிடுவர்.

அதே வினா பூம்பாறையிலோ மன்னவனூரிலோ பிறந்து வளர்ந்த பிள்ளையின் கைக்கு வந்தால்? அஃது எந்த மலைக்குச் 'சென்று வருவது'? இறங்கினாலன்றோ ஏறுவதற்கு! 'இசுடேசன்' என்பது அதன் காதுக்குக் காவல் நிலையம். அன்றேல், கோடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 50 கல் தொலைவில், மலைக்குக் கீழே கிடக்கும் கொடைரோடு தொடர்வண்டி நிலையம். மலைமேல் ஏது நிலையம் என்று அப்பிள்ளை மலைத்து நிற்பின், குற்றம் பிள்ளையினதா, வினாவினதா?

அச்சொல்லைச் சற்றே கிளறிப் பார்த்தால் உண்மை விளங்கும். வெயிலுக்கு அஞ்சி மலைமேல் ஒதுங்கிய வெள்ளையர் தம் தங்கலிடங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர் அது. கோடைக்கானலில் 1845-இல் முதல் வளமனைகளை எழுப்பியோர், மதுரைப் பகுதியில் கிறித்தவ நெறி பரப்ப வந்த அமெரிக்கர். 1901-இல் அவர்தம் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியும் எழுந்தது. ஆக, அவ்வினாவைக் கேட்பவன் கீழிருந்து வந்தவன். மலையிலேயே வாழ்பவன் அவன் கண்ணில் படவே இல்லை. கழகப் புலவர் பாடிய கோடைமலையும் ஆவியர் ஆண்ட பொதினியும் இம்மலைத் தொடரே என்பதை அவன் எங்கே அறிவான்?

மலைப்பிள்ளைக்கு எழுதப் பொருள் இல்லையா? படிப்படியாய் இறங்கும் வயல்களில் வெள்ளைப்பூண்டு நடுவதை அது கண்டிருக்கிறது. அப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி, 2018-இல் அதன் ஊர்ச் சரிவிலே பூத்தது. இரவில் காட்டுமாடு வயலில் இறங்கினால் வீட்டார் படும் பாடு அதற்குத் தெரியும். கேட்பது இன்னதென விளங்கினால், தெரிந்த நாலு ஆங்கிலச் சொற்களைக் கொண்டே இவற்றை எழுதிவிடும். விளங்காமையால் தாளை வெறுமையாய் விடுகிறது. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் 35 பெறாவிடின், ஏனைப் பாடங்களில் எத்துணை பெற்றும் அது தேறாத பிள்ளை!

'ஆங்கிலத் தேர்வில் வினாவும் ஆங்கிலத்தில்தானே இருக்கும்?' என்பர் ஆங்கிலப் பற்றாளர். படித்துப் பொருளுணரும் திறனை அளக்க அத்தாளிலேயே உரைப்பகுதி வினாக்கள் உள்ளனவே! கட்டுரை அளக்க வேண்டுவது எழுதும் திறனை. 'டிசுகசு', 'எலுசிடேட்', 'கமெண்ட்' என அடுக்கும் ஏவற்சொற்களை ஆராய்க, விளக்குக, கருத்துரைக்க எனத் தமிழில் தந்தால் எந்தப் பிள்ளையும் வேறுபாடு உணரும். வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்துக் காட்டிய நன்னூல் பிறந்த மொழி இது. ஆசிரியன் தான் அறிந்ததை மாணவனிடம் கேட்பது அறிவினா. இங்கோ, ஆசிரியனின் அறிவினா மாணவன் கையில் ஐயவினா ஆகிவிடுகிறது! ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் குறிஞ்சிப்பாட்டுப் பாடினார் என்பர். அயலவனுக்கு அத்துணைப் பொறுமையோடு சொல்லிக்கொடுத்த இனம், தன் குறிஞ்சி நிலப் பிள்ளைக்கு வினாவின் பொருளைக்கூடச் சொல்ல மறுக்கிறது.

பள்ளியோடு இக்கேடு ஒழிவதுமில்லை. நடுவண் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப்பணி முதன்மைத் தேர்வில், 250 மதிப்பெண் கொண்ட கட்டுரைத் தாளைத் தமிழில் எழுதலாம். பெருந்தன்மைதான்! ஆனால் அதன் வினா அச்சாவது இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே. அண்மை ஆண்டுகளில் அவ்வினாக்கள் பெரும்பாலும் பழமொழி போன்ற ஒற்றை வரிகள். ஒரு சொல் பிறழ்ந்தால் கட்டுரை முழுதும் பிறழும். இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவன் தன் மொழியில் வினாவைப் படித்துத் தன் மொழியில் விடை எழுதுகிறான். தமிழனோ அயல்மொழியில் படித்து, அகத்தே பெயர்த்து, பின்னரே எழுதத் தொடங்குகிறான். கடிகை இருவர்க்கும் ஒன்றே! 2013-இல் இவ்வாணையம் ஆங்கில மதிப்பெண்ணைத் தரவரிசையிலும் சேர்க்க முனைந்தது. எதிர்ப்பு எழுந்த பின்னரே பின்வாங்கியது.

கட்டுரை வினாவின்கீழ் அதன் தமிழ் வடிவத்தை ஒரே வரியில் அச்சிட எவ்வளவு மை செலவாகும்? திண்டுக்கல் மாவட்டத் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கூடிக் கையெழுத்திட்டு, அரசுத் தேர்வுகள் இயக்ககத்தை இவ்வொரு வரி கேட்கட்டும். மறுப்பதாயின், அதன் கரணியத்தை இயக்ககம் எழுத்தில் தரட்டும், தமிழில் தரட்டும்.