மஞ்சட் காலுறையும் மாசியும்

ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ 1602ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆந் திகதி இலண்டன் மிடில் டெம்பிள் மண்டபத்தில் நடிக்கப்பெற்றது. அதைக் கண்ட ஜோன் மனிங்ஹாம் என்னும் சட்ட மாணவர், காரியஸ்தன் ஒருவனை ஏமாற்றும் சூழ்ச்சியைப் பாராட்டித் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

அக்காரியஸ்தன் மல்வோலியோ. எசமானி ஒலிவியாவின் கையெழுத்தைப் போலவே பணிப்பெண் மரியா ஒரு காதற் கடிதம் எழுதி அவன் வரும் வழியிற் போடுகிறாள். மஞ்சட் காலுறை அணிக, எப்போதும் புன்னகை செய்க என்கிறது கடிதம். அப்படியே செய்தவன் பித்தனென்று இருட்டறையில் அடைபடுகிறான். மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கடிதத்தைக் காணுமுன்னரே அவன் தன்னை ஒலிவியாவின் கணவனாகக் கற்பனை செய்துகொண்டுதான் வருகிறான்! கடிதத்திலுள்ள எம், ஓ, ஏ, ஐ என்னும் எழுத்துக்கள் தன் பெயரின் வரிசையில் இல்லை என்பதும் அவனுக்குத் தெரிகிறது. ஆயினும் சற்றே வளைத்தால் பொருந்தும் என்று தேறுகிறான். மரியா இட்டது ஒரு தாள்; எஞ்சியதையெல்லாம் அவனே எழுதிக்கொண்டான்.

தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள்கட்ட வந்த கங்காணி சொன்னானாம். அதை நம்பிக் கடல் கடந்த நம் மூதாதையரும் மல்வோலியோக்கள்தாமா? பதுளையிலும் பசறையிலும் இக்கதையைச் சொல்லிச் சிரிப்பார் உளர். அவர்தம் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்பதுதான் நமக்கு வருத்தம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சமும், அதன் பின்னும் தீராத கடனும் நிலமின்மையும் கண்டவர்கள் அவர்கள். செருக்கினால் அன்று, பசியினால் நம்பினார்கள். நம்பாவிடின் ஊரில் அவர்களுக்கு என்ன இருந்தது?

அவர்களைப் பிணித்த தாளும் வேறு. கடனைக் கட்டினால் ஆட்களை விடுவிப்போம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். 1921இற் சட்டம் அதனை ஒழித்தது. தம்மைக் கைமாற்றிய அந்தச் சீட்டைத் தாமே வாசிக்க அறியாதவர் அவருட் பலர்.

மல்வோலியோவைத் தேடுவோர் கங்காணியிடந் தேடலாம். தலைக்காசு பெற்ற பெரிய கங்காணிமாருட் சிலர், துரையின் நிழலில் நின்று தாமும் துரை என்றே எண்ணியிருந்தனர். அவர்களும் துரை வைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை என்ற நிலையினரே. துண்டு ஒழிந்தபின் அவ்வதிகாரம் படிப்படியாகக் கரைந்தது. அவர்கள் அணிந்த மேலங்கியையும் தலைப்பாகையையும் பழைய புகைப்படங்களில் இன்றும் காணலாம்.