மூன்று மடங்கு விலையும் முப்பது வருடக் காரும்

"மாமா, உங்கட காரக் குடுக்கிற எண்ணம் இருக்கா?"

அஸர் நேரத்துக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு நின்றபோது பக்கத்துத் தெருப் பிள்ளை ஒருவர் இப்படிக் கேட்டார். வயது இருபத்தாறு. கட்டாரில் நான்கு வருடம் உழைத்துவிட்டு வந்திருக்கிறார். இல்லை என்றேன். "அப்ப கிண்ணியாவில ஒன்டு இருக்கு. வந்து பார்த்துச் சொல்லுங்க மாமா. ரெண்டு வருஷம் வெச்சிருந்து வித்தா டபுள் எடுக்கலாமாம், எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

அந்த 'எல்லாரும்' யார் என்று யோசித்துப் பார்த்தால் அதில் நானும் ஒருவன். 2022ஆம் ஆண்டு தேநீர்க் கடையில் உட்கார்ந்துகொண்டு, வாங்கிய விலையைப் போல மூன்று மடங்குக்கு என் காரைக் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை என்று பெருமை பேசியவன் நான்தான். அந்தப் பேச்சு சுற்றிச் சுற்றி இன்று ஒரு பிள்ளையின் நான்கு வருடச் சேமிப்பின் வாசலில் வந்து நிற்கிறது. எனவே அன்று சொல்லாமல் விட்ட மீதிக் கணக்கை இந்த வாரம் எழுதுகிறேன். வியாபாரப் பத்தியில் கார்க் கதை எதற்கு என்று கேட்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: சேமித்த பணத்தைக் கொண்டுபோய்ப் போடும் இடம் எதுவானாலும் அது வியாபார விடயம்தான்.

என்னுடையது 1996ஆம் வருடத் தயாரிப்பான டொயோட்டா லெவின். இரண்டு கதவு, கூபே என்பார்கள். கொரோலாவின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் குணம் வேறு. 1600 சீசீ எஞ்சின். சிலிண்டர் ஒன்றுக்கு ஐந்து வால்வு வீதம் நான்கு சிலிண்டருக்கு இருபது. ஜப்பானில் 165 குதிரைவலு என்று கணக்குச் சொல்லி விற்ற எஞ்சின். 2011இல், யுத்தம் முடிந்து வீதிகள் சீராகிக்கொண்டிருந்த காலத்தில், லீசிங் எதுவும் போடாமல் கைக்காசுக்கு வாங்கினேன். உம்மா பார்த்துவிட்டு, "பின்னால ஏறுறதுக்குக் கதவில்லாத காரு என்ன காரு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அந்த மூன்று மடங்கு விலை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். 2020 மார்ச்சில் கொவிட் நெருக்கடியோடு அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. பிறகு டொலர் இல்லாமற் போனது. தனிப்பட்ட பாவனைக்கான கார்கள் மீண்டும் வருவதற்கு 2025 பெப்ரவரி வரை ஆனது. ஏறக்குறைய ஐந்து வருடம் நாட்டுக்குள் இருந்ததையே நாங்கள் ஒருவருக்கொருவர் விற்றோம். புதுச்சரக்கு வராத சந்தையில் பழைய சரக்கு விலை ஏறும். ஹாட்வெயார்க் கடைக்காரனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சீமெந்துத் தட்டுப்பாட்டில் எத்தனை தடவை பார்த்துவிட்டேன்.

ஆனால் ஏறியது காரின் விலை மட்டும்தானா? 2011இல் ஒரு டொலர் ஏறத்தாழ 110 ரூபா. 2022 நடுப்பகுதியில் அது 360 ரூபா. கணக்குக்கு வசதியாக 11 இலட்சத்துக்கு ஒரு கார் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். அன்று அது 10,000 டொலர். மூன்று மடங்கு, அதாவது 33 இலட்சம் ரூபாவை 2022இல் டொலராக்கினால் 9,200கூட வராது. பதினொரு வருடம் வைத்திருந்து 'மூன்று மடங்கு' எடுத்தவன் உண்மையில் எண்ணூறு டொலருக்கு மேல் இழந்திருக்கிறான். கார் ஏறவில்லை, ரூபா இறங்கியது. தேநீர்க் கடையில் நான் சொல்லாமல் விட்டது இதைத்தான். சொல்லப்போனால் அன்று எனக்கே இது விளங்கியிருக்கவில்லை. பிறகொரு நாள் கொப்பியை எடுத்துக் கூட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது.

அந்தக் கொப்பியில் இன்னொரு பக்கமும் உண்டு. வாங்கிய நாளிலிருந்து காருக்குச் செலவழித்த ஒவ்வொரு சதத்தையும் அதில் எழுதி வருகிறேன். பெற்றோல், காப்புறுதி நீங்கலாக, திருத்தச் செலவு மட்டும் 2019இலேயே வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. விற்பனை விலையைப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

திருத்தச் செலவில் பெரும் பங்கு வேகத்துக்குப் போனது அல்ல, உப்புக்குப் போனது. சீனன்குடாவில் குடியிருப்பவர்களுக்கு இது தெரியும். மூன்று பக்கமும் கடல், காற்றே உப்பு. கேற்றில் போட்ட கொண்டி இரண்டு வருடத்தில் உதிர்கிறது. முப்பது வருடத் தகரம் என்ன செய்யும்? பின்சக்கர வளைவுக்குள், கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டித் தகரத்துக்குள், ஸ்பெயார் டயர் வைக்கும் பள்ளத்துக்குள் துரு சத்தமில்லாமல் தின்னும். மேலே பெயின்ட் கண்ணாடி போல மின்னும். நம் ஊரில் இதற்கு மருந்தென்று கழிவு எஞ்சின் ஒயிலை அடியில் பூசுவார்கள். நானும் ஒரு தடவை பூசினேன். துரு கொஞ்சம் அடங்கியது, ஆனால் ஒயில் பட்ட ரப்பர் புஷ்கள் ஊதிப் பிய்ந்தன. ஒரு பக்கத்தில் மிச்சம் பிடித்ததை மறுபக்கத்தில் இரட்டிப்பாகக் கொடுத்தேன். இப்போது மாதம் ஒரு தடவை அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுகிறேன். வருடம் ஒரு தடவை உட்குழிகளுக்குள் மெழுகு அடிக்கக் கொடுக்கிறேன். கதவின் அடியிலிருக்கும் தண்ணீர்த் துளைகளை ஈர்க்கில் குச்சியால் குத்தி விடுகிறேன். அந்தக் கடைசி வேலைக்கு ஒரு சதமும் செலவில்லை. மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் காப்பாற்றியதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது சூடு. நம் நாட்டுக் கராஜ்களில் ஒரு பழக்கம் உண்டு. எஞ்சின் சூடேறுகிறது என்று சொன்னால் தேர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். 'நம்மட வெயிலுக்கு அது தேவையில்ல' என்பது அவர்களின் வாதம். என் காருக்கும் ஒருவர் அப்படிச் செய்தார். எஞ்சின் தனக்குரிய வெப்பத்துக்கு வராவிட்டால் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துக் கணினி பெற்றோலை அள்ளி ஊற்றும். செலவும் ஏறும், தேய்மானமும் ஏறும். அந்த வருடம் புகைப் பரிசோதனையில் கார் தவறியது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. கடைசியில் புது வால்வொன்று போட்டு, அடைபட்ட ரேடியேட்டரைத் திறந்து துப்புரவாக்கியதும் இரண்டு நோயும் ஒன்றாகத் தீர்ந்தன. நோய் ரேடியேட்டரில், வெட்டு வால்வுக்கு.

உதிரிப்பாகங்களைப் பற்றி ஒரு வியாபாரியாகச் சொல்ல ஒன்று உண்டு. இந்த லெவினின் அடிச்சாமான்கள் பலவும் நாடு முழுக்க ஓடும் 110 கொரோலாவுக்கும் பொதுவானவை. பஞ்சிகாவத்தைக்குப் போனால் கிடைக்கும். திருகோணமலையிலும் தேடினால் கிடைக்கும். ஆனால் கதவுக் கண்ணாடி, பின்விளக்கு, கதவு ரப்பர், பின்பக்கக் கண்ணாடி என்று கூபேக்கு மட்டுமே உரிய சாமான்கள் இருக்கின்றனவே, அவைதான் காரைக் கொல்லும். எஞ்சின் உடைந்தால் பாவித்த எஞ்சின் தேடலாம். பின்விளக்கு உடைந்தால்? 2015இல் கொழும்பில் ஒரு சோடி பின்விளக்கைக் கண்டேன். என்னுடையவை நன்றாகத்தானே இருக்கின்றன என்று விட்டுவிட்டு வந்தேன். மறுவருடம் ஓர் ஓட்டோ பின்னால் வந்து தட்டியது. அந்த விளக்குக்காக நான் அலைந்த அலைச்சலை எழுத இந்தப் பக்கம் போதாது.

ஜப்பானிலும் நிலைமை மாறிவிட்டது. 25 வருடம் கடந்த வாகனங்களை வழமையான பாதுகாப்பு விதிகள் இல்லாமல் இறக்க அமெரிக்கா அனுமதிக்கிறது. இதனால் தொண்ணூறுகளின் ஜப்பான் கூபேகளை அமெரிக்கர்கள் வாங்கிக் குவிக்கிறார்கள். என் காரின் வருடம் 2021இல் அந்த எல்லையைத் தொட்டது. கம்பனிகளும் பழைய மாதிரிகளுக்குச் சாமான் மீண்டும் செய்யத் தொடங்கியுள்ளன. எண்பதுகளில் வந்த ஏஈ 86 மாதிரிக்குச் சில பாகங்களை மீண்டும் தயாரிப்பதாக டொயோட்டா 2021இல் அறிவித்தது. ஆனால் அது கார்ப்பந்தயக் கதைப் புத்தகத்தால் உலகப் புகழ் பெற்ற மாதிரி. அதற்கே சில பாகங்கள் என்றால் மற்றவற்றுக்கு என்ன நம்பிக்கை? அங்கே கேள்வி கூடினால் இங்கே வந்து சேரும் சாமானின் விலையும் கூடும். விலை கூடினால் காருக்கு மதிப்பு என்று சந்தோஷப்படுகிறவர், அதே விலைக்குத்தான் தானும் சாமான் வாங்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்.

இனி மேம்படுத்தும் ஆசை. என் மகனுக்கு 2017இல் அது பிடித்தது. "வாப்பா, டர்போ ஒன்டு போடுவம்" என்று ஆறு மாதம் விடவில்லை. இந்த எஞ்சினின் அழுத்த விகிதம் ஏற்கனவே 11க்கு 1. அதன் மேல் டர்போ வைப்பது நிரம்பிய பானையில் மூடியை ஆணியடிப்பது போல. எஞ்சினையே மாற்றினால் புது இலக்கத்தைப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், காப்புறுதிக்காரரிடமும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டு விபத்து நடந்தால் வீட்டை விற்க வேண்டி வரும். கடைசியில் டர்போவுக்கென்று அவர் மனதில் வைத்திருந்த தொகையில் பாதிக்கும் குறைவாக நான்கு நல்ல டயர், பிரேக் பேட், புது பிரேக் ஒயில், நான்கு ஷொக் அப்சோர்பர் போட்டோம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டும் வாரம், பின்னிரண்டும் வருடம். பழையவற்றில் பார்த்தால் பட்டை நிறைய இருந்தது, வயதோ ஒன்பது வருடம். சத்தமும் இல்லை, பார்வைக்கும் ஒன்றுமில்லை என்று மகனுக்கு முகம் சரியில்லை.

மறுவருடம் கொழும்பிலிருந்து இரவில் வந்துகொண்டிருந்தோம். ஹபரணை தாண்டி, கந்தளாய்க்கு முன்னால், மழை. மகன்தான் ஓட்டினார். வளைவைத் தாண்டியதும் வீதி நடுவில் யானை. கார் நேராக நின்றது. யானை எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகக் காட்டுக்குள் இறங்கியது. கந்தளாய் வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. அதற்குப் பிறகு டர்போ பேச்சு வீட்டில் வந்ததில்லை.

அகலமான ரிம் விடயத்தில் மட்டும் நான் தோற்றேன். மகன் சொன்னதைக் கேட்டு மாற்றினோம். கம்பனி ரிம் நான்கையும் இடத்தை அடைக்கிறது என்று விற்றுவிட்டேன். இன்று அசல் ரிம்மோடு இருக்கும் காருக்குத்தான் ஆட்கள் முதலில் வருகிறார்கள். கழற்றியதை விற்க வேண்டாம். சாக்கில் கட்டிப் பரணில் போடுங்கள்.

எண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த எஞ்சினுக்கு 92 ஒக்டேன் ஒத்துவராது, ஏற்றத்தில் தட்டும். 95தான் அடிக்க வேண்டும். 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் 470 ரூபா, 95 ஒக்டேன் 550 ரூபா. விலை இருக்கட்டும், பெற்றோல் எங்கே? 99 எண்ணெய்த் தாங்கிகள் எங்கள் ஊரில். அதே வருடம் ஜனவரியில்தான் 14ஐ இந்தியக் கம்பனிக்கும், 24ஐ நமது கூட்டுத்தாபனத்துக்கும், 61ஐ இரண்டும் சேர்ந்த கம்பனிக்கும் என்று பிரித்து ஒப்பந்தம் எழுதினார்கள். அந்தத் தாங்கிகளின் வேலியோரத்தில் குடியிருந்துகொண்டு நாங்கள் வரிசையில் நின்றோம். கார் மூன்று மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. நான் சைக்கிளில் கடைக்குப் போனேன். கடையிலும் வியாபாரம் இல்லை. அந்த நேரத்தில்தான் மூன்று மடங்கு விலையோடு ஆள் வந்தார்.

ஏன் கொடுக்கவில்லை? உண்மையைச் சொன்னால், பிடித்திருந்தது. அவ்வளவுதான். வியாபாரியாகப் பார்த்தால் அன்று கொடுத்துக் கடைக்குச் சரக்குப் போட்டிருக்க வேண்டும். வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கட்டாரிலிருந்து வந்த தம்பி என்னைப் பார்த்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு: மாமா விற்கவில்லை, ஆகவே அது இன்னும் ஏறப்போகும் சாமான்.

அது ஏறலாம், ஏறாமலும் போகலாம். இறக்குமதி திறந்தாலும் வரி கடுமை என்பதால் பழைய கார்களின் விலை ஒரேயடியாக விழவில்லை. ஆனால் வேறு வழியில்லாமல் பழையதை வாங்கியவர்கள் இப்போது புதியதைப் பார்க்கிறார்கள். பாவித்த கார் இறக்க வயதெல்லை இருப்பதால் முப்பது வருடக் கூபே இனிக் கப்பலில் வராது, அது அபூர்வம் என்பது மெய்தான். அபூர்வமான சாமானுக்கு வாங்குகிற ஆளும் அபூர்வம். அவசரத்துக்கு விற்கப் போனால் வருவது ஓர் ஆள். விலையைச் சொல்வதும் அவர்தான்.

தம்பிக்கு இவ்வளவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப வாங்க வேணாமா மாமா?" என்றார். ஓட ஆசையென்றால் வாங்குங்கள், சேமிப்பில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது, வாங்கும் விலையில் பாதியைத் திருத்தத்துக்குத் தனியாக ஒதுக்குங்கள் என்றேன். விற்று இலாபம் எடுக்கத்தான் என்றால் அந்தப் பணத்துக்கு என்னிடம் வேறு யோசனை இருக்கிறது என்றேன். "ஓடத்தான் மாமா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். முதலில் டபுள் என்று சொன்னவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிண்ணியாவுக்குப் போகிறோம். முன்பென்றால் பாதையில் ஏறக் காத்துக் கிடக்க வேண்டும். 2009இல் பாலம் வந்த பிறகு அந்தக் கவலை இல்லை. ஒரு டோர்ச், ஒரு சின்னக் காந்தம், ஒரு சாக்கு எடுத்து வைத்திருக்கிறேன். பெயின்டுக்குள் புட்டி இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது. சாக்கு, கீழே படுத்துப் பார்ப்பதற்கு. நாங்கள் வந்து சேரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று கார்க்காரரிடம் சொல்லி வைக்கும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். குளிர்ந்த எஞ்சின் முதல் தடவை விடும் புகை என்ன நிறம் என்று பார்க்க வேண்டும்.